பூசணிக்காய் உடைத்த பிறகு எடுத்த காட்சி

பிப்ரவரி 4, புதன்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். கணவருக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட். டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துக் கொடுத்தேன். அவர் வண்டி பிளாக் முனையில் திரும்பும் சத்தம் கேட்ட பிறகு வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். குவார்ட்டர்ஸ் பின்பக்கத்து முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியிருந்தது. சோப்புத் தண்ணீர் அடித்தேன். குளித்து, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, முந்தின நாளின் டைரியை எழுத உட்கார்ந்தேன். அன்றன்றைக்கே எழுதினால் கோபம் கூடிவிடுகிறது. அதனால் மறுநாள் காலையில் எழுதுவதுதான் வெகுநாள் பழக்கம்.

டைரியை மூடும்போது சென்னையிலிருந்து போன் வந்தது. நிவேதா என்று ஓர் உதவி இயக்குநர். முன்பின் பழக்கமில்லாத பெண்.

"மேடம், நீங்க அம்சவேணி மேடம்கிட்ட அசோசியேட்டா இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்மா."

"நெய்வேலி ஷூட்டிங்ல பூசணிக்காயக் கால்ல எட்டி ஒதைச்சிட்டு, 'இப்ப எடுங்கடா ஷாட்டை'ன்னாங்களாமே. நிஜமா மேடம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்சவேணி யாரையும் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"ஒதைக்கல்லாம் இல்ல."

"அப்ப இன்னொரு கதை சொல்றாங்களே, வேணும்னே காய மாத்தி வெச்சாங்கன்னு?"

"காய் மாறினது நிஜம். மாத்தினது அவங்க இல்ல."

"அய்யோ, பின்ன யாரு மேடம்? எங்க சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்களேன். இப்பல்லாம் கடைசி நாள்ல நாங்க கேக்கும் வெட்றோம். பூசணிக்காய்க்கு என்ன அர்த்தம்னே பாதிப் பேருக்குத் தெரியல."

எழுதித் தருகிறேன் என்றேன். ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படும் ஒரு விஷயத்தை, பக்கத்தில் நின்று பார்த்தவள் ஒருமுறையாவது சரியாக எழுதி வைத்துவிட வேண்டும்.

சினிமாவில் ஓய்வு ஆணை என்று யாரும் தருவதில்லை. எனக்கு முழங்கால் தந்தது. அதற்கு முன் இருந்த வருடங்களில் பெரும்பகுதி அம்சவேணியோடுதான். நான் நெய்வேலிப் பெண். கடலூரில் பட்டப்படிப்பு முடித்து, வீட்டில் ஒரு மாதம் சண்டை போட்டு, கோடம்பாக்கத்தில் அவர் அலுவலகப் படி ஏறினேன். முதல் வருடம் கிளாப் அடித்தேன். பிறகு தொடர்ச்சி பார்க்கும் வேலை. ஒரு காட்சியில் நாயகி இடது தோளில் பையை மாட்டியிருந்தால், ஒரு வாரம் கழித்து எடுக்கும் அடுத்த காட்சியிலும் அது இடது தோளில்தான் இருக்க வேண்டும். இதைக் கவனிக்கச் சம்பளம் தருவார்கள் என்பதே எனக்கு ஆனந்தமாக இருந்தது. வீட்டில் இதே குணத்துக்குத் திட்டுதான் வாங்கியிருக்கிறேன்.

பெண் இயக்குநர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில் அம்சவேணி படம் இயக்க வந்தார். அவரும் நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளை. அவருடைய அப்பா இங்கே எலக்ட்ரீஷியன். கிளப் மைதானத்தில் படம் போடும்போது மற்றக் குழந்தைகள் திரையைப் பார்க்க, இவர் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொள்வாராம். சென்னைக்குப் போய்த் திரைப்படக் கல்லூரியில் படித்தார். அப்புறம் பல வருடம் உதவி இயக்குநர். செட்டில் ஆண் உதவியாளர்கள் ஏதாவது பெட்டி மேல் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் உட்கார்ந்தால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் வீட்டிலிருந்து ஒரு மடக்கு ஸ்டூல் கொண்டுபோக ஆரம்பித்தார். இயக்குநரான பிறகு எங்கள் யூனிட்டில் உதவியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டூல் உண்டு.

முதல் படத்துக்கு டைட்டில் எழுதும் சமயம் ஒரு விநியோகஸ்தர், "பேரைக் கொஞ்சம் சுருக்கி வேணுன்னு போட்டுடலாமே. ஆம்பளப் பேரு மாதிரி இருக்கும், தியேட்டர்காரங்க கேள்வி கேக்க மாட்டாங்க" என்றாராம்.

"போட்டுக்கலாம். மீசை நீங்க ஒட்டி விட்டுடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். முழுப் பெயர்தான் திரையில் வந்தது.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். இடம் பார்க்கப் போனால் எல்லா இயக்குநரும் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். இவர் முதலில் கழிப்பறை எங்கே என்று கேட்பார். யூனிட்டுப் பெண்கள் போக ஓர் இடம் இல்லையென்றால், அருவியே கொட்டினாலும் அந்த இடம் வேண்டாம். அடுத்தது, அவரை 'அம்மா' என்று யாரும் கூப்பிடக் கூடாது. "அம்மான்னு கூப்பிட்டா சோறு கேப்பீங்க. டைரக்டர்னு கூப்பிடுங்க, வேலையப் பத்திக் கேளுங்க" என்பார். லைட்மேன்கள் பழக்க தோஷத்தில் "ஓகே சார்" என்று சொல்லி நாக்கைக் கடிப்பார்கள். அதற்கு அவர் கோபித்ததில்லை.

சத்தம் போட்டுப் பேச மாட்டார். நடிகரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடந்து போய், காதருகில் சொல்லிவிட்டு வருவார். என்ன சொன்னார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. 'கட்' என்பதைக்கூட மெதுவாகத்தான் சொல்வார். தலைமை லைட்மேன் எத்திராஜ் அண்ணன்தான் அதை வாங்கித் தெருவுக்கே கேட்கும்படி, "கட்டாம்பா!" என்பார்.

பொருள்கள் விஷயத்தில் அவர் தனி. வெறும் டம்ளரைத் தூக்கிக் காபி குடிப்பதாக யாரும் அவர் படத்தில் நடிக்க முடியாது; உள்ளே காபி இருக்கும், சூடாகவும் இருக்கும். பாத்திரத்தோடு ஒட்டிய முக்கியமான பொருளை முதல் நாள் தன் கையால் நடிகரிடம் கொடுப்பார். கடைசி நாள் நடிகர் அதை அவர் கையிலேயே திருப்பித் தர வேண்டும். கலை உதவியாளரிடம் போட்டுவிட்டுப் போக முடியாது. கண்ணாடி, பேனா, கைத்தடி, எதுவானாலும் சரி. இந்தப் பழக்கத்தால்தான் நெய்வேலியில் நடந்தது எல்லாம் நடந்தது.

அதற்கு முந்தைய படத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக முடியாது. அதன் கடைசி ரீலை மாற்றச் சொல்லி வற்புறுத்தினார்கள். கணவனைப் பிரிந்து வேலைக்குப் போன நாயகியை மறுபடி அவனோடு சேர்த்து வைக்கச் சொன்னார்கள். படம் வெளியே வந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டார். படம் ஓடவில்லை. ஓடாததைவிட அவரை வருத்தியது வேறு. அந்தப் படத்தை அவர் திரும்பப் பார்த்ததே இல்லை. டிவியில் போட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். "கடைசி ரீல் யாரோ எடுத்தது மாதிரி இருக்கு, கோமதி. இன்னொரு படம் கிடைச்சா, முடிவு வரைக்கும் உக்காந்து பாக்கற மாதிரி ஒண்ணு எடுக்கணும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த இன்னொரு படம் கிடைக்கச் சில வருடங்கள் ஆயின. அதுதான் நெய்வேலியில் எடுத்தது. கதை சிறியது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒருவனின் மனைவி, நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் பஸ் ஸ்டாப் எதிரே சின்ன இட்லிக் கடை போட்டுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறாள். கடைசிக் காட்சியில் கணவனுக்கு பெர்மனென்ட் ஆர்டர் வருகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி ஆர்டரைக் காட்டுகிறான். அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள். படம் முடிகிறது. படித்த எல்லோருக்கும் பிடித்த முடிவு. டவுன்ஷிப்பில் வளர்ந்த எனக்கும் பிடித்தது. பெர்மனென்ட் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கும் மதிப்பை வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம்.

நாயகியாக பிருந்தா என்ற புதுப்பெண் நடித்தார். கடைக்கு நிஜக் கடையே கிடைத்தது. செல்வி என்பவர் நடத்திவந்த கடை. விடியற்காலையில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவரிடம்தான் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். கடைப் பூட்டுக்கு இரண்டு சாவி. அதில் ஒன்றை டைரக்டர் முதல் நாளே வாங்கி, பிருந்தாவின் கையில் கொடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லிவிட்டார். படம் முழுவதும் அது பிருந்தாவின் இடது இடுப்பில் இருக்கும்.

கடைசி இரண்டு நாள் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் படப்பிடிப்பு. அதற்காகச் செல்வி கடையை மூடி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பிற்பகலில் கடைசிக் காட்சி ஓகே ஆனது. எல்லோரும் கைதட்டினோம். வெளியாட்களுக்காக ஒரு வரி: எங்கள் தொழிலில் ஒரு படத்தின் படப்பிடிப்பு முழுவதும் முடிந்ததும் பூசணிக்காய்க்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, கேமராவைச் சுற்றித் தரையில் போட்டு உடைப்பார்கள். கண் பட்டது எல்லாம் அதோடு போய்விடும். உடைத்த பிறகு அந்தப் படத்துக்காகக் கேமராவைத் தொடக் கூடாது.

அன்றைக்குத் தயாரிப்பு நிர்வாகி குமரேசன் என்றுமில்லாத உற்சாகத்தோடு, "இன்னிக்கு நானே சுத்துறேன், நானே ஒடைக்கிறேன்" என்று முன்னால் வந்தார். எத்திராஜ் அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். காய் உடைந்து, துண்டுகள் மேல் குங்குமம் சிவப்பாகச் சிதறியது. கேமராவைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார்கள். பிருந்தா நேரே டைரக்டரிடம் வந்து இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க டைரக்டர், கடைச் சாவி."

டைரக்டர் வாங்கிக்கொள்ளவில்லை. நீட்டிய கையையே பார்த்தார்.

"இதை நீ யார்கிட்ட குடுத்தே?"

"உங்ககிட்டதான் குடுக்கறேன்."

"நீ இல்லம்மா. அவ. கதைல இருக்கறவ."

பிருந்தா யோசித்தார். "அவ யார்கிட்டயும் குடுக்கலையே. சீன்ல அப்படி எதுவும் வரலையே."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "கடைசி ஷாட்ல இடுப்புல இருந்துச்சா கோமதி?"

"இருந்தது. இடது பக்கம்."

"அப்ப நாளைக்குக் காலைல அவ என்ன பண்ணுவா?"

கதையில் அவளுக்கு நாளைக் காலை என்று ஒன்று எழுதப்படவே இல்லை.

டைரக்டர் மெதுவாகத்தான் பேசினார். "படம் முழுக்க இவளோடது. கடைசில அவனுக்கு வேலை கிடைச்சதும் படம் அவனோடதாயிடுச்சு. போன தடவை யாரோ சொல்லி மாத்தினேன். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே நானே அப்படி எழுதியிருக்கேன் பாரு." பிறகு குமரேசனைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு ஷாட் பாக்கி இருக்கு. நாளைக்கு விடியக்காலம். அவ கடையைத் திறக்கணும்" என்றார்.

குமரேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "டைரக்டர், சாயந்திரம் வண்டி கெளம்பணுங்க. புரொடியூசருக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"ஃபிலிம் வேணுமேங்க."

ஒளிப்பதிவாளர் ஒரு துண்டு ரோல் மிச்சம் இருக்கிறது, ஒரே ஒரு ஷாட்டுக்கு வரும் என்றார். அது ஆயிற்று. ஆனால் எத்திராஜ் அண்ணன் நகரவில்லை. கோடம்பாக்கத்தில் அவர் வேலை பார்க்காத ஸ்டுடியோ இல்லை. யாராக இருந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவார். அதில் மரியாதைக் குறைவு துளியும் இருக்காது.

"டைரக்டரே, நீ சொன்னா கரண்ட் கம்பத்து மேல ஏறி லைட்டு கட்டுவேன். பூசணிக்கா ஒட்ச்ச அப்பால லைட்டு போட மட்டும் சொல்லாத. நாளைக்கு என் பசங்கள்ல ஒருத்தனுக்கு எதுனா ஆச்சுன்னா, அவன் வூட்ல போய் நான் இன்னான்னு சொல்வேன்?"

அவருக்குப் பின்னால் லைட்மேன்கள், கேமரா உதவியாளர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிவேதாவும் மற்றவர்களும் கேள்விப்பட்ட கதையில் இந்த இடத்தில்தான் டைரக்டர் உதைக்கிறார், கத்துகிறார். நடந்தது இது: அவர் தலையாட்டினார். "சரிண்ணே. பயந்துகிட்டு லைட் புடிச்சா வெளிச்சமும் நடுங்கும்" என்றார். போய்ச் செல்வியின் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. அடுப்படிக்கு எழுந்து போவாரே, அந்த முகம். இதைவிட அவர் கத்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினால் கடை, நடிகை, வெளிச்சம், மூன்றும் சேர்ந்து மறுபடி கிடைக்கப் போவதில்லை. இந்தப் படத்தையும் அவர் முடிவு வரைக்கும் பார்க்கப் போவதில்லை.

அப்போதுதான் செல்வி முறமும் துடைப்பமுமாக வந்தார். வழியில் உடைந்து கிடந்ததை யாராவது மிதித்து வழுக்கி விழப்போகிறார்களே என்று அள்ள வந்தவர், ஒரு துண்டைக் கையில் எடுத்தார்.

"யாருங்க இத வாங்கியாந்தது? நல்ல பறங்கிக்கா. குங்குமத்தக் கொட்டி நாசம் பண்ணி வெச்சிக்கினு கீறீங்களே! கூட்டு வெச்சிருந்தா உங்க யூனிட்டே சாப்புட்டுருக்கும்."

எத்திராஜ் அண்ணன் நிமிர்ந்தார். "இன்னாது? பறங்கிக்காவா?"

"பின்ன பூசணிக்காவா? மேல பாருங்க, துன்னூறப் பூசிக்கினு கெடக்குது."

சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணிதான் உடைப்பதற்கு. பறங்கிக்காய் சமையலுக்கு. எங்கள் தொழிலில் கிளாப் அடிக்கிறவர்களுக்குக்கூட அது தெரியும்.

"குமரேசா!" என்றார் எத்திராஜ் அண்ணன். 'கட்டாம்பா' சொல்லும் அதே குரல்.

வேனை நோக்கி நைசாக நடந்துகொண்டிருந்த குமரேசன் நின்றார். "அண்ணே, நாளைக்கு ஆயுத பூஜைண்ணே. ஒர்க் ஷாப்பு, லாரி ஷெட்டு, மெக்கானிக் கடை, பஸ்காரங்க, எல்லாரும் அள்ளிக்கினு போயிட்டாங்க. மந்தாரக்குப்பம் மார்க்கெட்ல காட்டறதுக்குக்கூட ஒரு பூசணிக்கா இல்ல. நீங்க வேற, ஷாட் முடிஞ்சதும் ஒடைக்கணும், ஒடைக்கணும்னு வெரட்டினீங்க..."

"அதுக்கு?"

"துன்னூறு பூசினா தெரியாதுன்னு..."

"எவ்ளோ பூசின?"

"ரெண்டு பாக்கெட் ஆச்சுண்ணே. காய் பெருசு."

முதலில் சிரித்தவர் பிருந்தா. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. டைரக்டர் பெஞ்சில் உட்கார்ந்தபடி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

எத்திராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு இது விசாரணை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் விபூதியைத் துடைத்தார். தோல் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிந்தது. முகர்ந்து பார்த்தார். ஒரு விதையைக் கடித்தும் பார்த்தார். லைட்மேன்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர், "அண்ணே, பறங்கியும் ஒரு காய்தானே? ஒடைச்சது ஒடைச்சதுதானே?" என்று மெல்ல இழுத்தார்.

"சொரக்காகூட ஒரு காய்தான். கேமராவுக்கு சொரக்கா சுத்துவியா நீ?"

எத்திராஜ் அண்ணன் எழுந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு டைரக்டர் முன்னால் போய் நின்றார். "கணக்குல வராது. படம் இன்னும் முடியல டைரக்டரே. நாளைக்கு எத்தினி மணிக்கு லைட்டு?"

டைரக்டர் எழுந்து நின்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டதும் எத்திராஜ் அண்ணன் கூச்சப்பட்டுப்போய், "அத்த வுடு, அத்த வுடு" என்றார். "ஆனா ஒண்ணு. ஷாட்டு முடிஞ்ச அப்பால அசல் காய் ஒடையணும். இவன் தூக்கினு வர்றத நான் தட்டிப் பாத்து, தேய்ச்சிப் பாத்து, அப்பாலதான்."

"எங்க போவேண்ணே பூசணிக்காய்க்கு?" என்று குமரேசன் அழாத குறை.

வழி சொன்னவரும் செல்விதான். "காடாம்புலியூர்ல எங்க அக்கா வூட்டுக் கூரை மேல ரெண்டு கெடக்குதுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க, குடுக்கும். ஏறிப் பறிக்கறது நீங்கதான்." குமரேசன் அடுத்த பஸ்ஸில் போனார். முழங்கையில் சிராய்ப்போடும் மடியில் வெள்ளைப் பூசணியோடும் திரும்பி வந்தார்.

ஆனால் கடையை இன்னொரு நாள் மூடிவைக்கச் செல்வி சம்மதிக்கவில்லை.

"முடியாதுங்க. ரெண்டு நாளா உங்களுக்காக மூடிக்கினு கெடக்குறேன். எங்க ஆளுங்க வெறும் வயித்தோட மைன்ஸுக்குப் போவுறாங்க. பூஜைன்னா மட்டும் மைன்ஸ் நிக்குமா? நாளைக்கு நான் தொறந்தே ஆவணும்."

"திறங்க. நீங்க திறக்கறதுதான் எனக்கும் வேணும்" என்றார் டைரக்டர்.

அங்கேயே நின்று திட்டம் போட்டார். கூட்டத்துக்குத் துணை நடிகர்கள் வேண்டாம். நிஜமாகச் சாப்பிட வருகிறவர்களுக்கு பிருந்தா நிஜ இட்லி கட்டித் தர வேண்டும். கேமரா எதிரே இருந்த சைக்கிள் கடைக்குள், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால். மைக், கடையில் சட்னி வாளிக்குப் பின்னால். எத்திராஜ் அண்ணன் கடையின் குழல் விளக்கைக் கழற்றி, அதே இடத்தில் தன் விளக்கு ஒன்றைப் பொருத்தினார்; தெருவில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. செல்வி முன்னதாகவே இட்லி வேகவைத்து மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட, கடையை வெளியே பூட்டிவிட ஏற்பாடு; உள்ளிருந்து இட்லி எடுத்துக் கொடுப்பார். "எங்கடையில என்னியே ஒளிச்சி வெக்கிறீங்களே, நல்லா கீது உங்க சினிமா" என்றார். பறங்கித் துண்டுகளில் குங்குமம் படாததைப் பொறுக்கிக் கொண்டுபோய், யூனிட்டுக்குக் கூட்டு வைத்து அனுப்பியவரும் அவர்தான். நன்றாக இருந்தது.

எனக்கு அன்று ஒரே வேலை. பிருந்தாவின் புடவை, வளையல், பொட்டு எல்லாம் முந்தின காட்சிக்கு மறுநாள் காலை போல இருக்க வேண்டும். எதை மாற்றுவது, எதை விடுவது என்று டைரக்டரிடம் கேட்டேன். "புடவைய மாத்து. சாவி அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

படத்தின் பிற்பாட்டை இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு அவர் இன்னும் பல படங்கள் எடுத்தார். பெண்கள் அவரிடம் வேலை கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். அசல் பூசணிக்காய் அன்று வெயில் ஏறியதும் உடைந்தது. எத்திராஜ் அண்ணன் தட்டிப் பார்த்து, தேய்த்துப் பார்த்து, டைரக்டரையே உடைக்கச் சொன்னார். அம்சவேணி இப்போது சென்னையில் மகளோடு இருக்கிறார். இந்தப் படத்தை டிவியில் போட்டால் எனக்கு போன் செய்து, "போட்டிருக்கான், பாரு" என்பார். முடியும் வரை போனை வைக்க மாட்டார். நான் இங்கே பார்க்க, அவர் அங்கே பார்ப்பார், பேசிக்கொள்ள மாட்டோம். அடுப்படிக்கு எழுந்து போவதும் இல்லை.

அவையெல்லாம் பிறகு. மறுநாள் விடியற்காலையில் முதலில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

இருட்டு முழுதும் பிரியவில்லை. நானும் டைரக்டரும் சைக்கிள் கடைக்குள் டயர்களுக்கு நடுவில், ஒளிப்பதிவாளரின் முதுகுக்குப் பின்னால் நின்றோம். டைரக்டர் அதற்கு முன்பே எதிர்ப்பக்கம் போய் பிருந்தாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்திருந்தார். வழக்கம்போல் என்னவென்று எனக்குத் தெரியாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கையை மட்டும் அசைத்தார். கேமரா ஓடும் மெல்லிய சத்தம் கேட்டது.

பிருந்தா நடந்து வந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். பலகையை எடுத்து வைத்தார். விளக்கைப் போட்டார். இட்லிக் குண்டான் மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது. நாங்கள் இதுவரைதான் திட்டமிட்டிருந்தோம். இதற்கு மேல் வருவது வரட்டும் என்று விட்டிருந்தார் டைரக்டர்.

சைக்கிளில் ஒருவர் வந்து காலை ஊன்றி நின்றார். தலையில் மஃப்ளர், கேரியரில் ஹெல்மெட். கடைக்குள் யார் நிற்கிறார்கள் என்று சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"நாலு கட்டும்மா. சட்னி தனியா."

பிருந்தா இலையில் இட்லி வைத்து, செய்தித்தாளில் சுற்றி, நூலை இழுத்துக் கட்டினார். சைக்கிள்காரர் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டார். கிளம்பப் போனவர் நின்றார்.

"ரெண்டு நாளா கடைய மூடிக்கினு எங்க போயிட்ட? ஒண்ணும் துன்னாம எறங்கினோம் தெரியுமா மைன்ஸ்ல?"

இது எங்கள் வசனத்தில் இல்லை. நிஜமாகப் பசியோடு போனவரின் நிஜமான கோபம். டைரக்டரின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் பிருந்தா அவரை நிமிர்ந்து பார்த்தார்; சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே பதில் சொன்னார்.

"எங்கயும் போவலங்க. இனிமே தெனமும் தொறந்திருக்கும்."